மாட்டுச் சவ்விலிருந்து இதய வால்வு: யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய வால்வு மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்று இரவே வீட்டில் ஆளுக்கொரு கேள்வி கிளம்பிவிடும். நோயாளி பெரும்பாலும் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்பதெல்லாம் மருமகளும், கனடாவில் இருக்கும் மகனும், பக்கத்து வளவு மாமியும்தான். கனகாலம் தியேட்டரில் தாதியாக நின்றவள் என்பதால் அந்தக் கேள்விகளில் பாதி என்னிடம் வந்து சேரும். விலங்கின் இழையத்தை மனித உடலுக்குள் வைக்கிற அளவுக்கு எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்பதைத்தான் இங்கே கூடுதலாக எழுதியிருக்கிறேன். வால்வு எத்தனை வருசம் உழைக்கும், ஏன் பழுதாகும், எவருக்கு எது பொருந்தும் என்ற கேள்விகளுக்கான விடை முக்கால்வாசி அதற்குள்தான் கிடக்கிறது. உங்கள் வீட்டு ஆளுக்கு எந்த வால்வு என்பதை அவரைப் பார்க்கும் டொக்டரோடுதான் பேசி முடிவெடுக்க வேண்டும்.

மாட்டின் இதயத்தையா வைக்கிறார்கள்?

இல்லை. இதயத்தைச் சுற்றி ஒரு சவ்வு பை போலக் கிடக்கும். பெரிக்கார்டியம் என்பார்கள், இங்கே இதய உறை என்று எழுதுகிறேன். இறைச்சிக்கடையில் அதை நீங்கள் கண்டிருக்க வாய்ப்பில்லை, வெட்டுகிற இடத்திலேயே உரித்து எறிந்துவிடுவார்கள். அந்த உறையைப் பதப்படுத்தி, மூன்று இதழ்களாக வெட்டி, துணி சுற்றிய சிறு சட்டம் ஒன்றில் தைத்தால் அது ‘இழைய வால்வு’. பன்றி வால்வு என்பது வேறு: பன்றியின் பெருநாடி வால்வையே முழுசாக எடுத்துப் பதப்படுத்துவது. இப்போது கூடுதலாகப் புழங்குவது மாட்டு உறைதான். நெஞ்சைத் திறக்காமல் தொடை நாளத்தின் வழியே கொண்டுபோய் வைக்கிற வால்வுகளும் மாட்டு உறையாலோ பன்றி உறையாலோ ஆனவையே. அந்த முறையை 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதரில் செய்தார்.

மற்ற வகை மெக்கானிக்கல் வால்வு, நம்மவர் ‘இரும்பு வால்வு’ என்பது. அதன் தகடுகள் பெரும்பாலும் இரும்பே இல்லை, பைரோலிற்றிக் காபன் என்ற கடினமான பொருள்.

இழைய வால்வுக்கு இரத்த வகை பார்க்க வேண்டுமா? சிறுநீரகம் மாற்றியவர்கள் போல் மருந்து குடிக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். வைக்கும் நேரத்தில் அந்தச் சவ்வில் உயிருள்ள கலம் ஒன்றுகூட இல்லை. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னலும் செத்த கலங்களின் மிச்சமும்தான்.

அப்படியென்றால் நன்றாகக் கழுவிவிட்டுத் தைத்தால் போதாதா? இரசாயனம் எதற்கு?

பச்சைச் சவ்வை வைத்தால் முதலில் உடலின் நொதியங்கள் அந்தக் கொலாஜனைக் கரைக்கத் தொடங்கும். கூடவே நோயெதிர்ப்புத் தொகுதி விழித்துக்கொள்ளும். மாடு, பன்றியின் கலங்களின் மேல் அல்பா-கல் என்றொரு சர்க்கரை மூலக்கூறு இருக்கிறது. மனிதருக்கு அது இல்லை, அதற்கு எதிரான பிறபொருளெதிரிகள்தான் நம் எல்லோருடைய குருதியிலும் ஏற்கனவே ஓடுகின்றன. அப்புறம் பலம். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு இலட்சம் தடவை துடிக்கும், வருசத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு சவ்வு ஒவ்வொரு துடிப்புக்கும் மடங்கி விரிய வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே அடியில் ஓரளவு சமாளிப்பது குளுட்டரல்டிகைட்டு என்ற இரசாயனம். ‘ஓரளவு’ என்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

குளுட்டரல்டிகைட்டு என்ன செய்கிறது?

கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைக்கிறது. இந்த மூலக்கூறின் இரண்டு முனையிலும் அல்டிகைட்டுக் கூட்டம் உண்டு. ஒரு முனை ஒரு நாரில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடிக்கும், மறுமுனை அடுத்த நாரைப் பிடிக்கும். பிடி விழுந்துவிட்டால் நொதியங்களால் எளிதில் கரைக்க முடியாது. வெள்ளையாக வழவழத்த சவ்வு இலேசாக மஞ்சளித்து, விறைப்பாகும். செருப்புக்குத் தோல் பதனிடுவதும் இதே வேலைதான். தோல் தொழிற்சாலைகளிலும் இதே இரசாயனம் புழங்குகிறது. செருப்புக்கு விறைப்புத் தேவை, வால்வுக்கு வளைவும் தேவை, அதுதான் வித்தியாசம்.

அதனால் செறிவு குறைவு: வால்வு வேலையில் 0.2 முதல் 0.6 சதவீதம் அளவில்தான், குருதியின் பி.எச். அளவுக்குச் சரிசெய்த தாங்கல் கரைசலில். விட்டுவைக்கும் காலம் நாட்கணக்கில்.

ஆரம்பத்தில் விட்ட ஒரு பிழை சொல்லத்தக்கது. பன்றி வால்வுகளை இரசாயனத்துக்குள் வைக்கும்போது, இதழ்கள் நன்றாக மூடிய நிலையில் இறுகட்டும் என்று உள்ளே குருதி அமுக்கம் அளவுக்கு அமுக்கம் கொடுத்தார்கள். பார்க்க அழகாக வந்தது. ஆனால் கொலாஜன் நார்கள் இயல்பில் நேராக இருப்பவை இல்லை, அலையலையாக நெளிந்து கிடப்பவை. அந்த நெளிவுதான் இழுபடும்போது விட்டுக்கொடுக்கும் இடம். அமுக்கத்தில் நார்கள் நேராகி, அப்படியே இறுகிவிட்டன. மடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மடிப்பு விழுந்து, வருசங்கள் போக அந்த மடிப்பிலேயே கிழிந்தன. பிற்பாடு அமுக்கத்தைக் குறைத்தார்கள், பிறகு அமுக்கமே இல்லாமல் செய்யும் முறைகளும் வந்தன. இரசாயனம் மாறவில்லை, வைத்த விதம்தான் மாறியது.

இதை யார் கண்டுபிடித்தது?

பாரிஸில் 1965இல் ஜோன்-போல் பினேயும் அலன் கார்ப்பந்தியேயும் பன்றி வால்வை மனிதருக்கு வைத்தார்கள். அப்போது பதப்படுத்தியது பாதரசம் கலந்த ஒரு கரைசலில். சில வருசங்களுக்குள் வால்வுகள் சிதைந்தன. சத்திரசிகிச்சை நிபுணராக இருந்துகொண்டே கார்ப்பந்தியே இரசாயனவியல் படிக்கப் போனார். 1968 அளவில் குளுட்டரல்டிகைட்டுக்கு வந்து சேர்ந்தார். மாட்டு இதய உறையில் வால்வு செய்யும் வழியை 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸில் மரியன் இயனெஸ்கு திறந்தார். அதற்கும் முன்னர், 1962இல், லண்டனில் டொனால்ட் ரோஸும் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் பிரையன் பரட்-பொயிஸும் இறந்தவர்களிடமிருந்து எடுத்த மனித வால்வுகளை வைத்திருந்தார்கள். அது நல்ல வால்வுதான், ஆனால் தேவைக்கு ஏற்ற தொகை கிடைக்காது.

எந்த மாடு? எப்படித் தெரிந்தெடுக்கிறார்கள்?

வழியில் கண்ட மாடு இல்லை. எந்தப் பண்ணை, எத்தனை வயது, எந்த நாளில் எங்கே வெட்டியது என்று பின்னோக்கித் தேடக்கூடிய பதிவு உள்ள மாடு. கால்நடை வைத்தியர் பார்த்து விட்ட மாடு. உறையை எடுத்த உடனே குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே கொழுப்பையும் ஒட்டிக்கொண்டிருக்கும் தொங்கல்களையும் கையால் உரிப்பார்கள். உறையின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நார் தட்டும்.

பிறகு தடிப்பு. இழையத்தை விரித்து, பல இடங்களில் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். நாளம் ஓடிய இடம், சிறு துளை, கொழுப்புத் திட்டு, தடிப்பு மாறும் இடம் எல்லாம் கழிவு. ஒரு முழு உறையிலிருந்து வால்வுக்குத் தேறுவது கொஞ்சம்தான். மூன்று இதழ்களும் ஒரே தடிப்பாக, ஒரே அளவுக்கு வளைவதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று முந்தி மூடும், மற்றது பிந்தும்.

தைப்பது பெரும்பாலும் கையால்தான். உருப்பெருக்கியின் கீழே, தலைமயிர் போன்ற நூலால், ஒரு வால்வுக்கு நூற்றுக்கணக்கான தையல். சிங்கப்பூரில் அப்படி ஒரு பெரிய தொழிற்சாலை இருக்கிறது. வேலை செய்பவர்களில் அநேகர் பெண்கள். தைத்த வால்வை துடிக்கும் பம்பு ஒன்றில் பூட்டி, திறந்து மூடுவதைப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். புது மாதிரி ஒன்றை அறிமுகம் செய்வதானால் கூடுதல் சோதனை: இழைய வால்வு 20 கோடித் தடவை திறந்து மூட வேண்டும் என்பது சர்வதேச நியமம், ஐந்து வருசத் துடிப்புக்குச் சமம். செம்மறிக் குட்டிகளிலும் வைத்துப் பார்ப்பார்கள். இளம் செம்மறியில் கல்சியம் வெகு வேகமாகப் படியும் என்பதால் குறை இருந்தால் சீக்கிரம் பிடிபடும்.

கொதிக்க வைத்தோ, ஒட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்தில் போட்டோ கிருமி நீக்கலாமே?

கொலாஜன் வெந்துவிடும். பச்சைச் சவ்வு 60 சொச்சம் பாகை செல்சியசிலேயே சுருங்கும். நன்றாகப் பதமானது 80 பாகையைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும், அந்தச் சுருங்கும் வெப்பநிலையைப் பார்த்தே ‘பிணைப்பு போதுமா’ என்று தொழிற்சாலையில் தீர்மானிக்கிறார்கள். ஆனால் ஒட்டோகிளேவின் 121 பாகைக்கு எதுவும் நிற்காது. ஆகவே திரவ இரசாயனத்தால்தான் கிருமி நீக்கம், அதே மாதிரிக் கரைசலில் மூழ்கிய நிலையிலேயே போத்தலில் அடைத்து அனுப்புவார்கள். உலர்த்தி அனுப்பும் இழையங்களுக்குக் காமாக் கதிர் அல்லது எதிலீன் ஒட்சைட்டு வாயு.

குளுட்டரல்டிகைட்டில் எல்லாக் கிருமியும் சாகும் என்று நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1970களின் பிற்பகுதியில் சில பன்றி வால்வுகளில் மைக்கோபற்றீரியம் செலோனி என்ற கிருமி, காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம், அந்தக் கரைசலுக்குள்ளேயே உயிரோடு இருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் வேறு இரசாயனங்களும் சேர்த்த கலவைகள், மிதமான சூட்டோடு கூடிய கிருமி நீக்கம் எல்லாம் வந்தன.

தியேட்டரில் போத்தலைத் திறந்து என்ன செய்வார்கள்?

இது நான் செய்த வேலை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் போத்தலின் முத்திரை, காலாவதித் திகதி, பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலைக் காட்டி. வழியில் எங்கேயாவது உறைந்து போயிருந்தால் அந்தக் காட்டி நிறம் மாறியிருக்கும், அப்படியானதை வைக்கக்கூடாது. பனிக்கட்டி வந்தால் நார்களுக்கிடையில் கீறிவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சரி என்றால் வெளியே நிற்கும் தாதி மூடியைத் திறப்பார், கையுறை போட்டவர் பிடிகருவியால் வால்வைத் தூக்குவார். மூக்கில் குத்தும் மணம் ஒன்று வரும்.

வால்வின் ஓரத்துத் துணியில் இலக்கம் எழுதிய சிறு அட்டை ஒன்று நூலால் தைத்திருக்கும். அந்த இலக்கத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் பெட்டியில் உள்ளதோடும் பதிவோடும் ஒத்துப்பார்ப்பார். பிறகு நூலை வெட்டி அட்டையைக் கழற்ற வேண்டும். துணியில் ஒரு நூல்முனைகூட மிஞ்சக்கூடாது. அதற்குப் பிறகு கழுவுதல். கிருமி நீக்கிய உப்புக் கரைசல் நிறைத்த கிண்ணங்கள் இரண்டோ மூன்றோ வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் வழிகாட்டலில் சொன்ன நிமிடங்கள் மெதுவாகச் சுழற்றிக் கழுவுவோம், கரைசல் மிச்சம் குருதிக்குள் போனால் சுற்றியுள்ள இழையத்தை அது கருக்கிவிடும். இதழ்களில் கருவி முட்டக்கூடாது, விரலும் படக்கூடாது. சேர்ஜன் தைக்கும் நேரம் முழுக்க உப்புக் கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டபடி நிற்க வேண்டும், தியேட்டர் விளக்குச் சூட்டில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். நல்லதென்று நினைத்து அந்தத் தண்ணீரில் அன்ரிபயோட்டிக் கலக்கப்பட்டதை வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். வழிகாட்டலில் வேண்டாம் என்று தெளிவாகப் போட்டிருக்கும்.

உலர்ந்த நிலையில் கிளிசரோலோடு வரும் புது வகை வால்வுகளுக்கு இந்தக் கழுவல் தேவையில்லை.

எத்தனை வருசம் உழைக்கும்? ஏன் பழுதாகிறது?

பொதுவாக 10 முதல் 15 வருசம். வயது போனவர்களில் அதைவிடக் கூடவும் நிற்கும். இளம் ஆட்களில் குறைவு, பிள்ளைகளில் மிகக் குறைவு.

பழுதுக்கு முதல் காரணம் கல்சியம் படிவது. குளுட்டரல்டிகைட்டின் மறுபக்கம் இதுதான்: எல்லா மூலக்கூறும் இரண்டு முனையாலும் பிடிப்பதில்லை. ஒரு முனை சும்மா தொங்கும் அல்டிகைட்டுகள் மிஞ்சும். அவையும், செத்த கலங்களின் பொசுபோலிப்பிட்டு என்ற கொழுப்புகளும் சேர்ந்து கல்சியத்தை இழுக்கின்றன. இளம் உடலில் கல்சியத்தின் ஓட்டம் வேகம் என்பதால் படிவதும் வேகம். இதழ் கல்லுப்போலாகி முழுசாகத் திறக்காது, அல்லது விறைத்த இடத்தில் கிழியும்.

அதனால் இப்போது பிணைப்பு முடிந்த பிறகு இன்னொரு படி வைத்திருக்கிறார்கள். எதனோலால் கழுவிக் கொழுப்பை எடுப்பது ஒரு வழி. அல்பா-அமினோ ஒலெயிக் அமிலம் சேர்த்துத் தொங்கும் அல்டிகைட்டுகளை மூடுவது இன்னொன்று. அல்டிகைட்டுகளை மூடி, கிளிசரோலில் உலர வைத்து அனுப்புவது அண்மைய வழி. ஐம்பது வருசத்துக்கும் மேலாகப் பதப்படுத்தலில் நடந்த முன்னேற்றம் முக்கால்வாசி இந்த ஒரு எதிரியோடுதான். விளம்பரங்களில் வரும் ‘வாழ்நாள் முழுக்க’ என்ற பேச்சை நான் நம்பமாட்டேன்.

அப்படியென்றால் இரும்பு வால்வே மேல் அல்லவா?

உழைக்கும் காலத்தில் மேல். விலை வேறு இடத்தில்: குருதி உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க வாபரின் என்ற மருந்து. குருதி உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனைக்கு மாதாமாதம் கிளினிக்குக்கு அலைச்சல், அது கூடினால் குருதிப்போக்கு, குறைந்தால் வால்வில் குருதிக் கட்டி. தீவுப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இந்த அலைச்சல் சின்ன விசயமில்லை. இழைய வால்வுக்கு வாபரின் வேண்டுமென்றாலும் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குத்தான், வேறு இதயத் துடிப்புக் கோளாறு இல்லாவிட்டால்.

இடையில் ஒன்று: வாபரின் குடிப்பவர்கள் முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரையை அடியோடு நிறுத்துவதை நம் ஊரில் நிறையக் காண்கிறேன். நிறுத்தத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப டொக்டர் வைப்பார். ஒரு மாதம் விட்டுவிட்டு விரத நாளில் ஒரேயடியாகக் கீரைச் சுண்டல் சாப்பிடுவதுதான் குழப்பும்.

பொதுவாக 50 வயதுக்குக் கீழே மெக்கானிக்கல், 65, 70ஐத் தாண்டினால் இழையம் என்ற பக்கம்தான் டொக்டர்மார் சாய்வார்கள். இடைப்பட்டவர்களோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

மகளுக்கு 26 வயது, வாதக் காய்ச்சலால் வால்வு பழுது. இன்னும் பிள்ளை இல்லை. அவளுக்கு ஏன் இழைய வால்வு சொல்கிறார்கள்?

வாபரின் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். கருத்தரித்த முதல் மாதங்களில் குறைபாடுகளை உண்டாக்கலாம். மருந்தை நிறுத்தினால் தாயின் வால்வில் கட்டி வரலாம். இரண்டு பக்கமும் இடி. இழைய வால்வு அவளுக்குப் பிள்ளை பெறும் வருசங்களைத் தரும், பதிலுக்கு இளம் வயதில் வேகமாகப் பழுதாகி இரண்டாவது சத்திரசிகிச்சை ஒன்றைக் கொண்டுவரும். இது தெரிந்தே எடுக்கும் முடிவு. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அம்மாவும் மாமியாரும் மட்டும் டொக்டரோடு பேசிவிட்டு வருவது நம் ஊர்ப் பழக்கம், இந்த விசயத்தில் அது வேண்டாம்.

புது வால்வு வைத்தாகிவிட்டது என்று மூன்று, நான்கு கிழமைக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசியை நிறுத்திவிடவும் கூடாது. வாதக் காய்ச்சல் திரும்பி வந்தால் மற்ற வால்வுகளையும் கெடுக்கும்.

நாங்கள் சைவம். மாட்டின் சவ்வை நெஞ்சில் வைக்கலாமா? முஸ்லிம்களுக்குப் பன்றி?

இதுதான் எல்லாரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்வி. சம்மதப் படிவத்தில் ‘வால்வு மாற்றம்’ என்று மட்டும் போட்டிருக்கும். எந்த விலங்கு என்று கேட்டால்தான் சொல்வார்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தாதிமார் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

பல மார்க்க அறிஞர்கள் உயிர்காக்கும் தேவை வந்து வேறு வழியில்லாதபோது பன்றி இழையம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாட்டு உறை வால்வு இருக்கும்போது அந்தக் கேள்வி எழாமலும் போகலாம். சைவர்களுக்கு ‘ஆகும், ஆகாது’ என்று தீர்த்துச் சொல்ல ஒரு பீடம் கிடையாது, அவரவர் மனம்தான். மாட்டிறைச்சி தொடாத நல்லூர்க் குடும்பத்து அப்பு ஒருவர் ‘தின்னப் போறேல்லைத்தானே’ என்று ஒரு வரியில் முடித்ததும் உண்டு, கடைசிவரை மனம் ஒப்பாமல் இரும்பு வால்வுக்குப் போனவர்களும் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரும்பு வால்வு வைத்தாலும், இதயத்தை நிறுத்திச் செய்யும் எந்தச் சத்திரசிகிச்சையிலும் குருதி உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுப்பது. முடிவில் அதை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் மீனிலிருந்து வந்தது. மருந்துக் குளிசைகளின் ஜெலற்றின் உறையும் விலங்கின் தோல், எலும்பிலிருந்துதான். ஆக, விலங்கை முழுசாக விலக்கி ஒரு வால்வுச் சத்திரசிகிச்சை செய்வது இலேசில்லை.

நம் சொந்தச் சவ்வையே பயன்படுத்த முடியாதா?

முடியும். டோக்கியோவில் ஷிகேயுக்கி ஒசாக்கி 2007இல் தொடங்கிய முறை இது. நோயாளியின் நெஞ்சைத் திறந்ததும் அவருடைய இதய உறையிலேயே ஒரு துண்டை வெட்டி, 0.6 சதவீதக் குளுட்டரல்டிகைட்டில் 10 நிமிடம் வைத்து, உப்புக் கரைசலில் மூன்று தடவை கழுவி, அளந்து மூன்று இதழ்களாக வெட்டிப் பெருநாடி வால்வின் இடத்தில் தைப்பது. விலங்கும் இல்லை, சட்டமும் இல்லை, விலையும் குறைவு. கைத்திறன் நிறைய வேண்டும், சத்திரசிகிச்சை நேரமும் கூடும். எல்லா இடத்திலும் செய்வதில்லை. ஏற்கனவே நெஞ்சு திறந்தவர்களுக்கு உறை ஒட்டிப்போய்க் கிடக்கும்.

கலங்களை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டால் குளுட்டரல்டிகைட்டே வேண்டாமே?

நல்ல கேள்வி. அதைத்தான் கலநீக்கம் என்கிறார்கள். சவர்க்காரம் போன்ற பொருட்களாலும் நொதியங்களாலும் கலங்களையும் டி.என்.ஏ.யையும் கழுவி எடுத்து, வெறும் கொலாஜன் பின்னலை விடுவது. பிணைக்காமல் வைத்தால் உடலின் சொந்தக் கலங்கள் உள்ளே குடியேறிப் பின்னலைத் தமதாக்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் படிலாக் 1980களில் பன்றிச் சிறுகுடலின் சவ்வை வைத்து இதைத் தொடங்கினார். இன்று ஹேர்ணியா ஒட்டு, ஆறாத புண், தோல் ஒட்டு என்று பல இடங்களில் புழங்குகிறது. ஒரு மில்லிகிராம் உலர் இழையத்தில் 50 நனோகிராமுக்கு மேல் டி.என்.ஏ. மிஞ்சக்கூடாது என்பது துறையில் பலரும் பிடித்துக்கொள்ளும் அளவு.

வால்வில் அது கசப்பான பாடமானது. 2000களின் தொடக்கத்தில் வியன்னாவில் நான்கு பிள்ளைகளுக்குக் கலம் நீக்கிய பன்றி வால்வுகளை வைத்தார்கள். மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். எடுத்துப் பார்த்தபோது கலங்கள் முழுசாக நீங்கவில்லை, கடும் அழற்சி. அதனால்தான் வயிற்றுச் சுவரில் நன்றாகப் போகும் ஒரு பதம், துடிக்கும் வால்வுக்குச் சரிவரும் என்று யாரும் இப்போது துணிவதில்லை.

மாட்டுப் பைத்தியம் வராதா?

1986இல் பிரித்தானியாவில் அந்த நோய் அடையாளம் காணப்பட்ட பிறகு வந்த பயம் இது, நியாயமானதுதான். அதற்குக் காரணமான பிரியன் புரதத்தைக் குளுட்டரல்டிகைட்டு அழிக்காது. ஆகவே காப்பு முழுக்க மாட்டைத் தெரிவதில்தான்: நோய் ஆபத்து மிகக் குறைந்ததென மதிப்பிட்ட அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் இளம் மாடுகள். நோய் செறிந்திருப்பது மூளையிலும் முண்ணாணிலும். இதய உறை அந்தப் பட்டியலில் கீழே.

இலங்கையில் இழையம் பதப்படுத்தும் வேலை நடக்கிறதா? யாழ்ப்பாணத்தில் செய்யலாமா?

மனித இழையத்தில் நம் நாட்டுக்கு நல்ல பெயர். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்கு விழிவெண்படலம் அனுப்பத் தொடங்கிப் பல நாடுகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதன் இழைய வங்கியும் கொழும்பில் இருக்கிறது. சட்டமும் உண்டு, 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீட்டுச் சட்டம். விழிவெண்படலத்தின் பதம் வால்வுக்கு நேர் எதிர்: அதன் உட்படைக் கலங்கள் உயிரோடு இருக்க வேண்டும், அதனால் இரசாயனத்தில் இறுக்காமல் ஊட்டக் கரைசலில் 2 முதல் 8 பாகையில், கூடிப்போனால் இரண்டு கிழமை. இறந்து சில மணித்தியாலங்களுக்குள் எடுத்தாக வேண்டும். செத்த வீட்டில் சொந்தக்காரர் எல்லாரும் வரட்டும் என்று காத்திருக்கும்போது அந்த நேரம் போய்விடுகிறது.

வால்வுத் தொழிற்சாலை யாழ்ப்பாணத்தில்? இப்போதைக்கு இல்லை. பதிவுள்ள மந்தை வேண்டும், தூசியில்லாக் கூடம் வேண்டும், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கும் ஆய்வுகூடம் வேண்டும். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் 1990இல் தங்கள் சொந்த மெக்கானிக்கல் வால்வை வைத்தார்கள். விலங்கு இழையத்தில் அவர்கள் செய்த பன்றிப் பித்தப்பைச் சவ்வுக்கு இந்திய அனுமதி 2023இல்தான் கிடைத்தது. எவ்வளவு காலம் எடுக்கும் வேலை என்று அதிலேயே தெரியும்.

ஆனால் வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குட உறையைப் பதப்படுத்துவதை இங்கே செய்யலாம் என்பது என் எண்ணம். சீசர் செய்து பிள்ளை பெறும் தாயின் சம்மதத்தோடும், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி, சிபிலிசு சோதனைகளோடும் நச்சுக்கொடியிலிருந்து அந்த மெல்லிய சவ்வை உரித்து, கழுவி, கிளிசரோலில் வைக்கலாம். அல்லது உலர்த்தி 25 கிலோகிரே காமாக் கதிரில் கிருமி நீக்கலாம். எரிகாயத்துக்கும், சுண்ணாம்போ அமிலமோ பட்ட கண்ணுக்கும் நல்ல மூடி. 1978இலிருந்து மருத்துவ பீடம் இருக்கிற ஊர், பெரியாஸ்பத்திரியில் பிள்ளைப்பேறும் நிறைய. இப்போது அது கழிவு வாளிக்குத்தான் போகிறது.

வால்வு வைத்தவர் பல்லுப் பிடுங்கலாமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பல்லுப் பிடுங்க முன்னரும், முரசில் இரத்தம் வரக்கூடிய எந்தப் பல் வேலைக்கு முன்னரும் அன்ரிபயோட்டிக் ஒரு நேரம் எடுக்க வேண்டும், இழைய வால்வானாலும் இரும்பானாலும். பல் டொக்டரிடம் முதல் வசனமாகவே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பெரும்பாலான வால்வுகளுக்குப் பிரச்சினையில்லை. வால்வின் பெயர், அளவு, இலக்கம் எழுதித் தரும் அட்டையைக் காட்டினால் ஸ்கான் எடுப்பவர் பார்த்துச் சொல்வார். அந்த அட்டையைப் படமெடுத்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். கிளினிக் கொப்பிக்குள் வைத்து மழையில் நனையவிட்டு, எழுத்து அழிந்துபோய் வந்தவர்களை எனக்குத் தெரியும்.